வீட்டுல தைக்கற ஃபேன்டஸி காஸ்ட்யூம்: எது சொதப்புதோ அதுலேர்ந்து பாருங்க

இதை வரிசையா படிக்கணும்னு இல்ல. கையில இருக்கற கேப் (தோள்லேர்ந்து முதுகுப் பக்கம் தொங்கற போர்வை மாதிரி உடை), கவசம், பாடிசூட் (உடம்போட ஒட்டின ஒரே துண்டு உடை) எதுல என்ன வம்புன்னு பார்த்து நேரா அந்தத் தலைப்புக்குப் போயிடுங்க. ஒவ்வொண்ணுலயும் காசு ஆகாத காரணத்தை முதல்ல போட்டிருக்கேன், அப்புறம் ஊசி நூல் மாத்தற செலவு, அப்புறம் துணியே மாத்தறது, கடைசியா மெக்கானிக் இல்லேன்னா டெய்லர்.

காஸ்ட்யூமுக்குன்னு நாம வாங்கறதெல்லாம் படுத்தற துணிங்கதான், சாட்டின், வெல்வெட், லைக்ரா, ரெக்ஸின், நெட், ஃபர்னு. காட்டன்ல ஒழுங்கா ஓடின மெஷின் இதுங்ககிட்ட வந்து மக்கர் பண்ணினதும் மெஷின் போச்சுன்னு முடிவு கட்டி சர்வீஸுக்குத் தூக்கிட்டு ஓடறாங்க. அதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க: புது ஊசி போட்டு, நூலை மறுபடி கோத்து, காட்டன் துணி ரெண்டு மடிப்பு வச்சு ஒரு கோடு ஓட்டிப் பாருங்க. தையல் நல்லா விழுந்துச்சுன்னா மெஷின்ல ஒண்ணும் இல்ல, அந்தத் துணிக்கு நீங்க போட்டிருக்கற ஊசியும் நூலும்தான் ஒத்துக்கலை, கீழ இருக்கற தலைப்புகளைப் பாருங்க. காட்டன்லயும் சொதப்பினா மட்டும் மெஷினை சந்தேகப்படலாம்.

கீழ்ப்பக்கம் நூல் உருண்டையா சுத்திக்குது

கீழ சிக்கினா எல்லாரும் கீழ் நூல் சுத்தி வைக்கற பாபினைத்தான் நோண்டுவாங்க. நோண்ட வேண்டியது மேல் நூலை.

துணியை அமுக்கிப் பிடிக்கற ஃபுட்டைத் தூக்கி வச்சுட்டு மேல் நூலை மொத்தமா உருவி முதல்லேர்ந்து கோருங்க. ஃபுட் இறங்கியிருக்கும்போது கோத்தா நூல் அதை இறுக்கற டென்ஷன் தட்டுக்குள்ள போகாம மேலயே நிக்கும், அதான் பாதி கேஸ். கோத்து முடிச்சு ஃபுட்டை இறக்கிட்டு நூலை இழுத்துப் பாருங்க, இறுக்கம் தெரியணும், வழுக்கிட்டு வந்தா இன்னும் உக்காரலைன்னு அர்த்தம்.

- தையல் ஆரம்பிக்கற இடத்துல மட்டும் சிக்குதுன்னா: ரெண்டு நூல் முனையையும் பின்னாடி பிடிச்சுக்கிட்டு முதல் நாலஞ்சு தையல் போடுங்க. நெட், ஆர்கன்ஸா மாதிரி மெல்லிசு துணின்னா ஊசி ஓட்டைக்குள்ளயே இழுத்துக்கும், அப்ப ஒரு துண்டுத் துணியில தையலை ஆரம்பிச்சு அப்படியே காஸ்ட்யூம் மேல ஏத்திடுங்க, அப்புறம் துண்டை வெட்டிடலாம்.
- நடுவுல நடுவுல சிக்குதுன்னா: பாபின் கேஸைக் கழட்டி ப்ரஷ்ஷால தூசி எடுங்க. ஃபர், வெல்வெட் தைச்ச அன்னிக்கு உள்ள பாத்தீங்கன்னா மெத்தையே இருக்கும். வெளிய எடுக்கற உலோகக் கேஸ்னா நூலைப் பிடிச்சுத் தொங்க விட்டு லேசா ஒரு உதறு உதறுங்க, கொஞ்சம் இறங்கி நிக்கணும். கடகடன்னு கீழ போனா லூஸ், அசையவே இல்லைன்னா டைட், திருகை ரொம்பக் கொஞ்சமா திருப்புங்க.
- இதுக்கும் அடங்கலைன்னா: கரண்ட்டைப் பிடுங்கிட்டு, கீழ மேல் நூலைப் பிடிக்கற ஹூக்கோட விளிம்பை நகத்தால தடவுங்க. சொரசொரன்னு மாட்டினா ஊசி எப்பவோ இடிச்சு பிசிறு வந்திருக்கு, அதை மெக்கானிக்தான் தேய்ச்சுக் குடுக்கணும்.

லைக்ராவுல தையல் விட்டு விட்டு விழுது

ஊசி. வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி ஊசி. சாதாரண ஊசி லைக்ராவுல உள்ள போகும்போது துணியையும் சேர்த்து அமுக்கும், நூல் வளையம் ஒழுங்கா வராது, ஹூக் பிடிக்காம போயிடும். ஸ்ட்ரெட்ச் ஊசின்னே தனியா விக்குது, மெல்லிசு லைக்ராவுக்கு 75/11 சைஸ், கனமானதுக்கு 90/14. பால்பாயிண்ட் ஊசி பனியன் துணிக்குப் போதும், ஆனா நல்லா இழுபடற பளபள லைக்ராவுக்கு ஸ்ட்ரெட்ச் ஊசியே வாங்கிடுங்க.

ஊசி மாத்தியும் விடுதா? திருப்பிப் போட்டிருக்கீங்களான்னு பாருங்க. ஊசியில ஒரு பக்கம் தண்டு தட்டையா இருக்கும், இன்னொரு பக்கம் நீளமா ஒரு பள்ளம் ஓடும். நூல் எந்தப் பக்கத்துலேர்ந்து காதுக்குள்ள போகுதோ அந்தப் பக்கம்தான் பள்ளம் இருக்கணும். அப்புறம் ஊசி முழுசா மேல வரைக்கும் ஏறியிருக்கணும், ஒரு நூலிழை கீழ இறங்கியிருந்தாலும் லைக்ரா காட்டிக் குடுத்துடும்.

அதுக்கும் அடுத்தது, துணிக்கு அடியில டிஷ்யூ பேப்பர் வச்சு தைச்சு அப்புறம் கிழிச்சு எடுக்கறது. அதுவும் வேலைக்கு ஆகலைன்னா வீலைக் கையால மெதுவா சுத்தி கீழ பாருங்க: ஊசி கீழ போய் மேல ஏற ஆரம்பிக்கும்போது ஹூக் முனை ஊசிக் காதுக்குக் கொஞ்சம் மேல, ஊசியை ஒட்டியே கடக்கணும். காதுக்குக் கீழ போகுதுன்னாலோ தள்ளிப் போகுதுன்னாலோ டைமிங் மாறியிருக்கு. வீடியோ பார்த்து நாமே டைமிங் வைக்கற வேலை வேண்டாம், மெக்கானிக்கிட்ட குடுத்துடுங்க.

பாடிசூட் போட்டுக் கையைத் தூக்கினதும் டப்புன்னு பிரியுது

மறுபடி அதே இடத்தை அதே மாதிரி தைக்காதீங்க, திரும்பவும் பிரியும். பிரிஞ்ச இடத்தை வெளிச்சத்துல வச்சு கிட்டக்கப் பாருங்க, மூணுல ஒண்ணுதான் இருக்கும்.

*நூல் துண்டு துண்டா அறுந்து நிக்குது, துணி நல்லா இருக்கு.* நேர்த்தையல் போட்டிருக்கீங்க. துணி இழுபடும், நேர்த்தையல் இழுபடாது, நூல்தான் அறுபடும். குறுகலான ஸிக்ஸாக் வைங்க, அகலம் 0.5 லேர்ந்து 1 மில்லிமீட்டர், நீளம் 2.5. வெளியிலேர்ந்து பார்த்தா நேர்கோடு மாதிரியேதான் தெரியும். பருத்தி நூல் இருந்தா தூக்கிப் போட்டுட்டு பாலியெஸ்டர் நூல் போடுங்க. தைச்சு முடிச்சதும் தையலை ரெண்டு கையால முழுசா இழுத்துப் பாருங்க, ஒரு "டிக்" சத்தம் கேட்டாலும் அது போட்டுக்கும்போது பிரியப் போற இடம்தான், இன்னொரு தடவை மேல ஓட்டிடுங்க.

*நூல் அப்படியே இருக்கு, தையல் ஓரமா துணியில வரிசையா பொத்தல்.* ஊசி முனை இழையை அறுத்திருக்கு. ஸ்ட்ரெட்ச் ஊசிக்கு மாறணும், ஆனா ஏற்கனவே விழுந்த பொத்தல் மூடாது, பெரிசாகிட்டே போகும். தையலை அரை சென்டிமீட்டர் உள்ள தள்ளிப் போடுங்க, இல்லேன்னா மேல ஒரு பட்டை, செதில், பைப்பிங் எதாவது வச்சு மறைங்க. நல்லவேளை ஃபேன்டஸி காஸ்ட்யூம், எங்க வேணா செதில் முளைக்கலாம், யாரும் கேட்க மாட்டாங்க.

*நூலும் நல்லா இருக்கு, துணியும் நல்லா இருக்கு, ஆனா அந்த இடமே விறைச்சு இழுக்குது.* இது தையல் பிரச்சனை இல்ல, அளவு. லைக்ரா எந்தப் பக்கம் அதிகமா இழுபடுதோ அந்தப் பக்கம் உடம்பைச் சுத்தி வரணும், நீளவாக்குல வெட்டியிருந்தா எவ்வளவு தைச்சாலும் பிரியும். நாலு பக்கமும் இழுபடற துணின்னா உசரத்தைப் பாருங்க: தோள்ல டேப்பை வச்சு முன்பக்கமா இறக்கி, காலிடுக்கு வழியா எடுத்து, முதுகு வழியா அதே தோளுக்குக் கொண்டு வாங்க. பாடிசூட்டையும் அதே மாதிரி அளங்க. துணி கொஞ்சம் சின்னதா இருந்தா தப்பில்ல, இழுபட்டு உக்காரும், ரொம்பக் கம்மியா இருந்தா அதான் வில்லன். ஜிப் அடியில அடிக்கடி பிளக்குதுன்னு ஜிப்பை மாத்திக்கிட்டே இருப்பாங்க, உண்மையில மேல்கீழ் நீளம் பத்தாம ஜிப்பை இழுத்திட்டு இருக்கும்.

நீளம் பத்தலைன்னா வழி இருக்கு. இடுப்புல குறுக்க வெட்டி அதே துணியில ஒரு பட்டை சேர்த்துடுங்க, மேல பெல்ட் வந்துடும். அக்குள்ல இழுக்குதுன்னா சாய்சதுரமா ஒரு துண்டு வெட்டி அக்குள்ல வச்சுத் தைங்க, வாள் வீசற கேரக்டர்னா இது இல்லாம தைக்கவே தைக்காதீங்கன்னு சொல்லுவேன். ரெண்டும் பண்ணியும் விறைப்பா இருந்தா அடுத்த அளவுல புதுசா வெட்டறதுதான், அதைத் தள்ளிப் போட்டுத் தள்ளிப் போட்டு ஒட்டுப் போடறவங்கதான் கடைசியில அதிகம் செலவு பண்றாங்க.

தையல் பிரியலை, ஆனா ஓரம் அலை அலையா நிக்குதுன்னா தைக்கும்போது துணியை இழுத்திருக்கீங்க. மெஷின்ல ஃபுட் அழுத்தம் குறைக்கற திருகு இருந்தா குறைங்க, கையை சும்மா துணிக்கு வழிகாட்ட மட்டும் வைங்க. வந்த அலையை ஆவி இஸ்திரிப்பெட்டியைத் துணியில படாம மேல பிடிச்சு ஆவி காட்டினா பெரும்பாலும் அமுங்கிடும்.

வெல்வெட்: ரெண்டு துண்டும் சமமா வெட்டினேன், தைச்சு முடிக்கும்போது ஒண்ணு நீளமா நிக்குது

வெல்வெட்டோட முடி ஒண்ணு மேல ஒண்ணு உரசி நகரும். குண்டூசி குத்தினா போதும்னு நினைக்காதீங்க, ஊசிக்கு ஊசி நடுவுலயே நகர்ந்துடும். கையால நூலோட்டம் போடுங்க, ஒரு வரிசை இல்ல, தையல் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு வரிசை. அலுப்பா இருக்கும், ஆனா பிரிச்சுத் தைக்கறது அதைவிட அலுப்பு, பிரிச்ச தடமும் வெல்வெட்ல தெரியும். முடி படியற திசையிலயே தைங்க. இவ்வளவுக்கும் நகருதுன்னா வாக்கிங் ஃபுட் வாங்குங்க, அது மேல் துணியையும் சேர்த்து நகர்த்தும். ரெக்ஸினுக்கும் அதுவே உதவும், அதனால காசு வீணாகாது.

கலர் மாறித் தெரியுதா? ஒரே துணிதான், ஆனா முன்பக்கம் கருஞ்சிவப்பு, பின்பக்கம் வெளிறின சிவப்பு. ஒரு துண்டைத் தலைகீழா வெட்டியிருக்கீங்க. கையால மேலேர்ந்து கீழ தடவிப் பாருங்க, ஒண்ணுல வழவழன்னு போகும், இன்னொண்ணுல எதிர்க்கும். இதுக்கு வைத்தியம் கிடையாது, அந்தத் துண்டை மறுபடி வெட்டணும். துணி மிச்சம் இல்லேன்னா பாதி தலைகீழா இருக்கறதையே டிசைன் ஆக்கிடுங்க, வலது பக்கம் ஒரு நிறம் இடது பக்கம் ஒரு நிறம்னு.

அமுங்கின தடம் விழுந்திருந்தா இஸ்திரியை மேல வைக்காதீங்க, தடம் நிரந்தரமாயிடும். பின்பக்கத்துலேர்ந்து ஆவி காட்டி மென்மையான ப்ரஷ்ஷால முடியைத் தூக்கி விடுங்க.

சாட்டின்ல தையல் கோடு முழுக்க சுருக்கம்

ஊசி தடிமனா இருக்கும், 70/10 மைக்ரோடெக்ஸ் (கூர்முனை மெல்லிசு ஊசி) போடுங்க. மேல் டென்ஷனைக் கொஞ்சம் குறைங்க, தைக்கும்போது துணியை முன்னாடியும் பின்னாடியும் லேசா விறைப்பா பிடிச்சுக்கோங்க, இழுக்கறது இல்ல. சாட்டின்ல ஊசிக் குத்து தெரியும்ங்கறதால குண்டூசியை தையல் கோட்டுக்கு வெளியில விட்டிருக்கற ஓரத்துல மட்டும் குத்துங்க. பிசிறு வந்துக்கிட்டே இருந்தா ஓவர்லாக் அடிக்கக் குடுத்துடுங்க, நீளமான பாவாடைக்கு ஸிக்ஸாக் ஓட்டிக்கிட்டு உக்கார்றதுக்கு அது மேல்.

ரெக்ஸின் நகரவே மாட்டேங்குது, ஒரே இடத்துல குத்துது

ஃபுட்டோட அடிப்பக்கம் ஒட்டிக்குது, அவ்வளவுதான். ஃபுட் அடியில மேஜிக் டேப்போ மாஸ்கிங் டேப்போ ஒட்டி, ஊசி போற ஓட்டையை வெட்டி விடுங்க. இல்லேன்னா மேல டிஷ்யூ பேப்பர் வச்சு தைச்சு கிழிச்சுடுங்க. அடிக்கடி ரெக்ஸின் தைக்கறவங்கன்னா டெஃப்லான் ஃபுட் ஒண்ணு வாங்கிடலாம். தையல் நீளம் 3 லேர்ந்து 4 மில்லிமீட்டர், அதுக்குக் கம்மியா வச்சா பக்கத்துப் பக்கத்துல ஓட்டை விழுந்து ஸ்டாம்ப் கிழியற மாதிரி கோட்டோட கிழிஞ்சு வரும். குண்டூசி வேண்டாம், கிளிப் போடுங்க. இஸ்திரி கூடவே கூடாது, உருகிடும்.

நாலு மடிப்புக்கு மேல போகுது, பெல்ட், தோள்பட்டைக் கவசம்னு கனம் ஏறுதுன்னா வீட்டு மெஷினை சாகடிக்காதீங்க. பை, சீட் கவர் தைக்கறவங்ககிட்ட கொண்டு போங்க. கோடு போட்டு, கிளிப் மாட்டி, எங்க தைக்கணும்னு தெளிவா குறிச்சுக் குடுத்தா அவங்க மெஷின்ல நிமிஷத்துல முடிஞ்சுடும்.

கேப்: கழுத்தை நெரிக்குது

போட்டுக் கண்ணாடி முன்னாடி நிக்கும்போது தெரியாது, நாலு படி ஏறினா தெரியும். மொத்த கேப்போட எடையும் தொண்டைக்குழியில இருக்கற ஒரு கொக்கியில தொங்குது, பின்னாடி யாராவது மிதிச்சா அவ்வளவுதான்.

- கொக்கியைத் தொண்டைலேர்ந்து எடுத்து ரெண்டு தோள்லயும் வைங்க. உள்ள போட்டிருக்கற சட்டையோ கவசமோ, அதோட தோள்ல பெரிய கொக்கி, கேப்ல வளையம். இதுலயே நிறைய பேருக்கு சரியாயிடும். தொண்டையில இருக்கற அலங்கார பட்டன் சும்மா அழகுக்கு இருக்கட்டும்.
- உள்ள இருக்கற துணி மெல்லிசு, கொக்கியே அதைக் கிழிக்குதுன்னா: கேப்போட உள்பக்கத் தோள்லேர்ந்து ரெண்டு பட்டை இறக்கி நெஞ்சுல குறுக்க எக்ஸ் மாதிரி போட்டு பின்னாடி இடுப்புல கட்டுங்க. எடை முதுகுக்கும் நெஞ்சுக்கும் போயிடும். மேல கவசம் வந்தா பட்டை தெரியாது.
- கழுத்து வட்டமே சின்னதா வெட்டியிருக்குன்னா: முழு வட்டக் கேப்புக்கு கழுத்துச் சுற்றளவை 6.28 ஆல வகுக்கணும், அரை வட்டத்துக்கு 3.14. கழுத்து 38 சென்டிமீட்டர்னா முழு வட்டத்துக்கு ஆரம் 6, அரை வட்டத்துக்கு 12. ரெண்டையும் மாத்திப் போடறதுதான் அடிக்கடி நடக்குது. சின்னதா போயிருந்தா நல்லது, வெட்டிப் பெரிசாக்கலாம், ஆனா ஒரே தடவையா வெட்டாம கால் சென்டிமீட்டர் கால் சென்டிமீட்டரா வெட்டுங்க. பெரிசா போயிருந்தா சுருக்கு வச்சு காலர்ல ஏத்திடுங்க.

கேப்போட கீழ் விளிம்பு ஏறி இறங்கி நிக்குது

வட்டமா வெட்டின துணியில சில இடம் இழைக்குச் சாய்வா வரும், அது எடையில தானா நீளும். தைச்ச உடனே மடிச்சு அடிச்சா அன்னிக்கு நேரா இருக்கும், ஒரு வாரம் ஹேங்கர்ல தொங்கினா கோணிக்கும். மடிச்சதைப் பிரிச்சுட்டு ஒரு நாள் முழுக்கத் தொங்க விடுங்க, கனத் துணின்னா இன்னும் ஒரு நாள். அப்புறம் போடப் போறவங்களுக்கே மாட்டி, அன்னிக்குப் போடப் போற அதே ஷூவோட நிக்க வச்சு, தரையிலேர்ந்து ஸ்கேல் வச்சு ஒரே உயரத்துல சுத்தி சாக்பீஸ் குறி போடுங்க. இடுப்புலேர்ந்தோ தோள்லேர்ந்தோ அளக்காதீங்க. மாட்டிக்கிட்டவங்க குனிஞ்சு பார்த்தா குறி கோணலாயிடும், நேரா பார்க்கச் சொல்லுங்க.

லைனிங் இருக்கா? லைனிங்கையும் மேல் துணியையும் கீழ சேர்த்துத் தைச்சுடாதீங்க, ரெண்டும் ஒரே அளவு நீளாது, பை மாதிரி தொங்கும். தனித்தனியா மடிச்சு, லைனிங் 2 சென்டிமீட்டர் குட்டையா இருக்கட்டும். வெல்வெட் முழு வட்டக் கேப்னா விளிம்பை டெய்லர்கிட்ட குடுத்தா தப்பே இல்ல, ஏகப்பட்ட நீளம் அது.

நிமிந்து நிக்க வேண்டிய காலர் துவண்டு போகுது

பக்ரம் (விறைப்புக்கு உள்ள வைக்கற கெட்டித் துணி) வைக்கவே இல்லையா, இல்ல வச்சும் துவளுதா? வைக்கலைன்னா வைங்க. வச்சும் துவளுதுன்னா இன்னும் கனமான பக்ரம், இல்லேன்னா விளிம்புல கம்பி. கம்பி முனையை வளைச்சு டேப் சுத்திடுங்க, கன்னத்தைக் கிழிக்கும். ஒட்டற கேன்வாஸ்ல கொப்புளம் கிளம்பியிருந்தா இஸ்திரியை தேய்ச்சிருக்கீங்க, தேய்க்கக் கூடாது, ஈரத்துணி மேல போட்டு ஒரே இடத்துல அழுத்தி 10, 12 செகண்ட் வச்சுத் தூக்கி அடுத்த இடம் போகணும். ரெக்ஸின், வெல்வெட், ஸீக்வின்ஸ் துணிக்கு ஒட்டற ரகமே வேண்டாம், தைக்கற ரகம் வாங்குங்க.

ஜரிகை மாதிரி மின்னற மெட்டாலிக் நூல் அறுந்துக்கிட்டே இருக்கு

மெதுவா ஓட்டுங்க, மேல் டென்ஷனைக் குறைங்க. போதலைன்னா மெட்டாலிக் ஊசி 90/14, காது பெரிசா இருக்கும். அதுலயும் அறுந்தா நூலோட மல்லுக்கட்டாம மெட்டாலிக் நூலை பாபின்ல சுத்தி, மேல சாதாரண நூல் போட்டு, துணியைத் திருப்பிப் போட்டுத் தைங்க. டிசைனைப் பின்பக்கம் வரைஞ்சுக்கணும், அவ்வளவுதான் வேலை.

ஃபோம் கவசம் துணியிலேர்ந்து பிச்சுக்குது

ஈவிஏ ஃபோமை பசையால மட்டும் துணியில நிறுத்தப் பார்க்கறதுதான் பிரச்சனை. பசை உறுதியா இருந்தாலும் துணி இழுபடும், ஃபோம் இழுபடாது.

கான்டாக்ட் சிமென்ட் பசை போட்டும் பிச்சுக்குதுன்னா ஈரத்துலயே ஒட்டியிருப்பீங்க. ரெண்டு பக்கமும் மெல்லிசா தடவி, விரல் வச்சா ஒட்டாத அளவுக்குக் காய விட்டு, அப்புறம் அழுத்தணும். டப்பாவுல போட்டிருக்கற நேரத்தைப் பாருங்க. ஜன்னலைத் திறந்து வச்சுட்டு, அடுப்பு விளக்கு எதுவும் பக்கத்துல இல்லாம பண்ணுங்க, அந்தப் புகை தலைக்கு ஏறும், தீயும் பிடிக்கும். ஒட்டற வெல்க்ரோவை லைக்ராவுல ஒட்டினா வேர்வையில கழண்டுடும், தைக்கற வெல்க்ரோ வாங்குங்க, ஒட்டற வெல்க்ரோவைத் தைக்கவும் பார்க்காதீங்க, பசை ஊசியெல்லாம் அப்பிக்கும். நான் சொல்றது: கவசத்தைத் துணியோட சேர்க்கவே வேண்டாம், பட்டையும் பக்கிளும் வச்சுத் தனியா மாட்டற மாதிரி பண்ணிடுங்க. துவைக்கறதுக்கும் அதுதான் வசதி.

ஊசி உடைஞ்சுக்கிட்டே இருக்கு

துணியைப் பின்னாடி இழுக்கறீங்களா? இழுத்தா ஊசி வளைஞ்சு தகட்டுல இடிக்கும். இழுக்கலை, தடிச்ச மடிப்புல ஏறும்போதுதான் உடையுதுன்னா ஃபுட்டோட பின்பக்கத்துக்கு அடியில அதே தடிமனுக்குத் துணி மடிச்சு வச்சு ஃபுட்டை மட்டமாக்கிட்டு வீலைக் கையால சுத்திக் கடத்துங்க. ஸீக்வின்ஸ் துணின்னா தையல் கோட்டுல வர்ற சில்லுகளை முதல்லயே பிரிச்சு எடுங்க, தைக்கும்போது கண்ணாடி போட்டுக்கோங்க, உடைஞ்ச ஊசி முனை எங்க பறக்கும்னு சொல்ல முடியாது. புது ஊசி, வெறும் காட்டன், அப்பவும் டக் டக்னு இரும்புல இடிக்கற சத்தம் வந்தா அதோட நிறுத்திடுங்க, ஒரு தையல்கூட ஓட்டாம மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

கிளம்பற நேரத்துல பிரிஞ்சுடுச்சு

மெஷின்கிட்ட போகாதீங்க, உடம்புல இருக்கும்போதே கையால பின்தையல் போடறதுதான் வேகம். ரெட்டை நூல், நெருக்கமா, துணிக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு அட்டைத் துண்டு. லைக்ரான்னா அந்த இடத்தை லேசா இழுத்து வச்சுக்கிட்டே தைங்க. ஜிப் பிளந்துச்சுன்னா ஸ்லைடரை அடி வரைக்கும் இறக்கி மறுபடி ஏத்திப் பாருங்க, திரும்பவும் பிளந்தா ஸ்லைடர் வாய் அகண்டிருக்கு, குறடால ரெண்டு பக்கமும் கொஞ்சூண்டு நெரிங்க. அதுக்கும் மேல பல்லே போயிருந்தா ஜிப்பை மூடின நிலையில தைச்சுடுங்க, கழட்டும்போது பிரிச்சுக்கலாம், பாத்ரூம் போற வழி யோசிச்சுட்டுத் தைங்க.

சூப்பர் க்ளூ மட்டும் வேண்டாம். பருத்தித் துணியில பட்டா அது சட்டுனு சூடாகும், தோல் வெந்துபோற அளவுக்கு. க்ளூ கன்னும் உடம்புல போட்டிருக்கற துணிக்குக் கிடையாது. நகை, இலை, செதில் எதாவது உதிர்ந்தா அதைக் கழட்டி பையில போட்டுக்கிட்டு அது இல்லாமலே கிளம்புங்க.